கைப்பேசிச் செய்திக்குப் பிணை யார்?

வாணிபத்தில் புழங்கும் எந்தச் சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. "அடுத்த வாரம் அரிசி விலை ஏறும்" என்று காதில் விழுந்தால், வியாபாரி முதலில் கேட்பது எவ்வளவு ஏறும் என்பதை அன்று. யார் சொன்னார் என்பதைத்தான். சொன்னவர் கிட்டங்கிக்காரரா, கப்பல் ஏஜெண்டா, அல்லது சாப்பாட்டுக் கடையில் தேநீரை ஆற்றிக்கொண்டு பொழுதைக் கழிப்பவரா என்பதைப் பொறுத்தே அச்சொல்லுக்கு மதிப்பு. நாட்டிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு மொத்தக் கடையில் கடனுக்குச் சரக்குக் கிடைத்த விதமும் இதுவே. பையனை எவருக்கும் தெரியாது. ஆனால் கடையநல்லூர்க்காரர் ஒருவரோ பனைக்குளத்துக்காரர் ஒருவரோ, "இவன் இன்னாருடைய மருமகன், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டால் மூட்டை வண்டியில் ஏறிவிடும். பணம் வராமற்போனால் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளுக்குத்தான் பிணை என்று பெயர்.

இவ்வழக்கத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள், காலையில் கைப்பேசியைக் கையில் எடுத்தவுடன் இதை எப்படி மறந்துபோகிறார்கள் என்பது நமக்கு நெடுநாளாக வியப்பாக இருக்கிறது. கடையில் ஐம்பது வெள்ளிச் சரக்குக்கு மூன்று கேள்வி கேட்பவர், ஓர் ஊரையே கலக்கக்கூடிய செய்தியை ஒரு கேள்வியும் இன்றி வாங்கி, வாங்கிய வேகத்திலேயே நாற்பது பேருக்கு விநியோகம் செய்கிறார். இணைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதற்கு எத்தனையோ விஷயங்கள் உண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது இந்த ஒன்றை மட்டுமே.

சாதாரண வியாபாரி ஒருவரின் கைப்பேசியைப் பார்ப்போம். குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. மனைவி வீட்டாருக்கு மற்றொன்று. ஊர் ஜமாஅத்துக்கு ஒன்று. தெருக் கடைக்காரர்களுக்கு ஒன்று. கூடப் படித்தவர்களுக்கு ஒன்று. கடை திறக்கும் முன்பே இவற்றில் அறுபது எழுபது செய்திகள் வந்து கிடக்கும். சர்க்கரை நோய்க்கு ஒரு வேர், மூடப்போகும் வங்கி ஒன்று, செல்லாததாகப் போகும் நோட்டு ஒன்று, இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு பெரியவரின் ஜனாஸாச் செய்தி, எந்த நாட்டில் எந்த ஆண்டில் எடுத்ததென்று தெரியாத ஒரு படம். இவற்றை ஆக்கியவர் யார்? தெரியாது. அனுப்பியவர் யார்? நம் சம்பந்தி.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சம்பந்தி பொய் சொல்லமாட்டார் என்பது நமக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கொடுக்கல் வாங்கல் செய்தவர். ஒரு காசு பிசகியதில்லை. ஆகவே அவர் பெயருக்குக் கீழே வந்த செய்தியையும் நம்பிவிடுகிறோம். ஆனால் அதைச் சொன்னவர் சம்பந்தி அல்லர், அவர் கைமாற்றியவர். அவருக்குக் கொடுத்தவர் அவர் மைத்துனர். மைத்துனருக்கு எங்கிருந்து வந்ததென்று கேட்டால், "குழுவில் வந்தது மாமா, பார்த்தேன், அனுப்பினேன்" என்பார். சம்பந்தி இருபது வருஷம் சேர்த்த நாணயம், அவர் முகம் அறியாத ஒருவனின் பேச்சுக்கு முதலாகப் போய்விடுகிறது. அவரைக் கேட்காமலேயே போகிறது.

வியாபாரிகளுக்கு இதை விளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. உண்டியலும் செக்கும் நாம் அறிந்தவை. ஒருவர் எழுதிக் கொடுத்த உண்டியலை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது அதன் முதுகில் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் கையெழுத்து வெறும் அலங்காரம் அன்று. உண்டியல் பணமாகாமல் திரும்பி வந்தால், சட்டப்படி வேண்டிய அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, கையில் வைத்திருப்பவர் முதுகில் கையெழுத்திட்ட நம்மையும் பிடிக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடப்பில் உள்ள 1949ஆம் ஆண்டின் உண்டியல் சட்டம் இதையே சொல்கிறது. பத்துக் கை மாறிய உண்டியலின் முதுகில் பத்துக் கையெழுத்து இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிணை. அதனால்தான் முன்பின் தெரியாதவன் எழுதிய உண்டியலை நாம் இலேசில் தொடுவதில்லை.

செய்தியைக் கைமாற்றுவதும் முதுகில் கையெழுத்திடுவதே என்பது நம் கருத்து. அனுப்புகிறவர் அப்படி நினைப்பதில்லை. வாங்குகிறவர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். கெடுதல் முழுவதும் இந்த இடைவெளியில் விளைகிறது.

சிலர் எச்சரிக்கையாக, "வந்ததை அப்படியே அனுப்புகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். இதற்கும் உண்டியலில் ஒரு ஜோடி உண்டு. "பணம் வராவிட்டால் என்னிடம் வரவேண்டாம்" என்ற பொருளில் எழுதிக் கையெழுத்திடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அவ்வாறு எழுதிய உண்டியலைக் கண்டால் வியாபாரி என்ன செய்வார்? தூக்கிப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், கழிவு கேட்பார், அல்லது வேண்டாம் என்பார். கொடுப்பவனே நம்பாத சரக்கு என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. கைப்பேசியில் அதே வரியைக் கண்டால் மட்டும் நமக்கு ஏன் அந்தப் புத்தி வருவதில்லை?

பொறுப்பில்லாத பிரதி கைப்பேசியோடு பிறந்தது என்று எண்ணவேண்டாம். பிரான்ஸ் தேசத்தில் 1976ஆம் ஆண்டில் தட்டச்சு செய்த ஒரு துண்டுத்தாள் கிளம்பியது. உணவுப் பண்டங்களில் சேர்க்கும் பொருள்களின் எண்களைப் பட்டியலிட்டு, இவை புற்றுநோய் உண்டாக்கும், இவை ஐயத்துக்குரியவை என்று அது வகைப்படுத்தியது. பாரிஸ் நகரை அடுத்த வில்ஜூயிஃப் என்ற ஊரில் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. அதன் பெயரையும் தாளில் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவமனை மறுத்தது. யார் கேட்டார்கள்? தாய்மார்கள் பிரதி எடுத்தார்கள்; பள்ளிக்கூடங்கள் எடுத்தன; மருத்துவர்கள் சிலரும் எடுத்துக் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அது உலாவியது. கப்ஃபேரர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இதை எடுத்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

மளிகை வியாபாரிகள் கவனிக்கவேண்டியது யாதெனில், அந்தத் தாள் எல்லாவற்றிலும் கொடியது என்று குறிப்பிட்ட எண் இ330. இ330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சம்பழத்தின் புளிப்பு! உடலில் நடக்கும் ஓர் இரசாயனச் சுழற்சிக்கு சிட்ரிக் அமிலச் சுழற்சி என்றும், அதைக் கண்டுபிடித்த அறிஞரின் பெயரால் கிரெப்ஸ் சுழற்சி என்றும் பெயர். ஜெர்மன் மொழியில் கிரெப்ஸ் என்றால் புற்றுநோய். இவ்விரண்டையும் எவரோ குழப்பிக்கொண்டதே மூலம் என்று சிலர் விளக்கம் கூறுகிறார்கள். குழப்பியவர் யாரென்று இன்றளவும் தெரியாது. இதே ரகத்தைச் சேர்ந்த எண் பட்டியல்கள், ஹலால் ஹராம் என்ற வேறு தலைப்போடு, நம் கடைகளுக்கும் வந்திருக்கின்றன. வாடிக்கையாளர் தாளை நீட்டி, "பாய், இதில் இந்த எண் இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார்கள். சரக்கை அலமாரியிலிருந்து இறக்கியவர்களும் உண்டு.

அந்தத் தாள் பத்து வருஷத்தில் நடந்த தூரத்தை இப்போது ஒரு செய்தி ஒரு முற்பகலில் நடந்துவிடுகிறது. வேறுபாடு வேகத்தில் மட்டுமன்று. துண்டுத்தாளைப் பிரதி எடுக்கக் காசு செலவாயிற்று. தெருவில் இறங்கி நடக்கவேண்டியிருந்தது. அந்தச் சிரமமே சிலரை யோசிக்க வைத்தது. இன்று யோசிப்பதுதான் சிரமம், அனுப்புவது சுலபம்.

இது வேடிக்கையோடு முடிகிற காரியமன்று. 2018ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்தவற்றை நினைவுபடுத்துகிறோம். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதாக ஒரு காணொளி பரவியது. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று அந்தந்த வட்டார மொழியில் குரலும் எழுத்தும் சேர்ந்துகொண்டன. உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுத்த விளம்பரப் படம். படத்தின் முடிவில் அந்த இருவரும் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்த முடிவை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். சரக்கின் மேலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு ஒட்டியதைப் போன்றது இது.

விளைவு என்ன? அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினரோடு கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஜனங்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். அவர் இறந்தார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். மற்ற மாநிலங்களிலும் இவ்வாறு உயிர்கள் போயின. அடித்தவர்கள் பிடிபட்டார்கள், வழக்கு நடந்தது. ஆனால் அந்தக் காணொளியை, "எச்சரிக்கையாக இருங்கள்" என்று தங்கள் சொந்தக்காரருக்கு நல்ல எண்ணத்தோடு அனுப்பிய ஆயிரக்கணக்கானோர் இரவில் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர்களில் ஒருவரும் தம்மைக் கொலைக்கு உடந்தை என்று எண்ணியிருக்கமாட்டார்கள். எண்ணவேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்டியலின் முதுகில் அவர்களுடைய கையெழுத்து இல்லையென்று எப்படிச் சொல்வது?

இதன் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனத்தாரும் சற்று விழித்துக்கொண்டார்கள். 2009இல் தொடங்கிய அந்தச் சாதனத்தில், 2018 ஜூலையில்தான் கைமாறி வந்த செய்திக்குமேல் அதைக் காட்டும் அடையாளம் தோன்றியது. அதுவரை, சம்பந்தி தாமே எழுதியதற்கும் எங்கிருந்தோ வந்து அவர் தள்ளிவிட்டதற்கும் பார்வைக்கு வேறுபாடு இல்லை. 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்பமுடியாது என்று உலகெங்கும் வரம்பு விதித்தார்கள். இப்போது சில செய்திகளின்மேல் இரட்டை அம்புக்குறி காண்கிறதல்லவா? ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கை மாறி வந்த சரக்கு என்பதே அதன் பொருள். அத்தகையவற்றை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றார்கள். அதன்பின் அவ்வகைச் செய்திகளின் நடமாட்டம் நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்துவிட்டதாக அந்நிறுவனமே கூறியது. நாலு தடவை கூடுதலாக விரலை அழுத்தவேண்டும் என்றவுடன் நூற்றுக்கு எழுபது போய்விட்டதென்றால், அந்த எழுபதும் எவ்வளவு அவசியமான செய்திகளாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நம் தெருவுக்கு வருவோம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையை அறியாத தமிழ் முஸ்லிம் வியாபாரி இந்நாட்டில் இருக்கமாட்டார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி காலையில் அச்சாலையின் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண்மணி அக்குழியில் விழுந்து காணாமற்போனார். 28ஆம் தேதி சிறிது தூரத்தில் இரண்டாவது குழி விழுந்தது. மீட்புப் பணியாளர் ஒன்பது நாள் தேடியும் பயனின்றி 31ஆம் தேதியோடு தேடுதலை நிறுத்தவேண்டியதாயிற்று. ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த அத்துன்பத்துக்கு முன்னால் வியாபாரத்தைப் பற்றிப் பேசவே மனம் கூசுகிறது. ஆயினும் பேசவேண்டியிருக்கிறது. ஏனெனில் அச்சாலையில் ஜவுளியும் நகையும் சாப்பாடும் விற்றுப் பிழைத்த பலருடைய கல்லா அவ்வாரங்களில் காலியாகக் கிடந்தது. ஜனங்கள் வரவில்லை என்று கடைக்காரர்கள் பத்திரிகைகளிடம் முறையிட்டார்கள்.

ஜனங்கள் அஞ்சியது நியாயமே. சாலையின் ஒரு பகுதி அடைக்கப்பட்டிருந்ததும் உண்மையே. ஆனால் அந்நாட்களில் நம் கைப்பேசிக்கு வந்தவற்றைப் பார்த்தால் குழிகள் இரண்டல்ல, இருபது. பட்டணம் முழுவதுமே அமிழப்போகிறது என்றது ஒரு செய்தி. அதற்கு ஆதாரமாகக் கோலாலம்பூரின் அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையைக் காட்டியது. நகரின் சில பகுதிகளுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை உண்டென்பது மண்ணியல் அறிந்தோர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதுதான். ஒரு படி உண்மையில் ஒன்பது படி பதரைக் கலந்துவிட்டால் மூட்டை முழுவதும் நெல்லைப் போலவே தெரிகிறது. நமக்கு வருத்தம் தந்தது வேறொன்று: இவற்றை அனுப்பியவர்களில் நம் வியாபாரிகளும் இருந்தார்கள். தம் தெருவின் வாடிக்கையைத் தாமே விரட்டுகிறோம் என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை.

அதே வாரத்தில் மாறான ஒன்றையும் கண்டோம். நமக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தம் கடை வாசலில் நின்று அரை நிமிஷத்துக்கு ஒரு காணொளி எடுத்தார். தம் பெயரைச் சொன்னார். கடைப் பெயரைச் சொன்னார். தேதியும் நேரமும் சொன்னார். எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, எந்தப் பக்கமாக நடந்து வரலாம் என்று கையைக் காட்டினார். "வர விருப்பமில்லாதவர்கள் தொலைபேசியில் சொன்னால் சரக்கை அனுப்பிவைக்கிறேன்" என்று முடித்தார். அழகாகப் பேசினார் என்று சொல்லமுடியாது. நடுவில் ஒரு லாரி வேறு சத்தம் போட்டது. ஆனால் அதன் ஒவ்வொரு வார்த்தைக்கும் போய்க் கேட்பதற்கு ஓர் ஆளும் ஒரு விலாசமும் இருந்தன.

செய்தி உண்மையாக இருந்தாலே போதும் என்று சொல்பவர்களுக்குச் சிங்கப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி, கொரோனா நோய் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த அறிக்கையின் நகல், முறைப்படி வெளிவரும் முன்பே கைப்பேசிகளில் கசிந்துவிட்டது. செய்தி பொய்யன்று. ஆனால் ஆரஞ்சு என்றால் என்ன, எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படவேண்டாம் என்று விளக்க அதனருகில் யாரும் இல்லை. அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசியும் நூடல்ஸும் கழிவறைத் தாளும் அள்ளப்பட்டு அலமாரிகள் வெறுமையாயின. மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் தாமே காணொளியில் தோன்றி அமைதி சொல்லவேண்டியதாயிற்று. அரிசிக்குத் தட்டுப்பாடு இல்லை என்று அவ்வூர் மளிகை வியாபாரிகள் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! சொந்தக்காரர் இல்லாமல் வந்தால் மெய்யான செய்தியும் பாதி வழியில் வேறொன்றாகிவிடுகிறது.

சட்டமும் இப்போது பிணையைத் தேடத் தொடங்கிவிட்டது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு வெளியீட்டில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஒருவருடைய பெயரோ படமோ காணப்பட்டால், அல்லது அதை வெளியிடவோ மறுபடி வெளியிடவோ அவர் எவ்வகையிலாவது உதவியிருந்தால், அவரே வெளியிட்டவர் என்று அனுமானிக்கும் பிரிவு அது. இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. குழு நிர்வாகியாக இருப்பதை ஒரு கௌரவம் என்று எண்ணி ஏழெட்டுக் குழுக்களை நடத்துகிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இணையப் பொய்ச் செய்திச் சட்டத்தின்படி, பொய்யென்று தெரியாமலே வெளியிட்டவரும் திருத்தக் குறிப்பைச் சேர்த்துப் போட உத்தரவு பெறலாம். இத்தகைய சட்டங்கள் அரசாங்கத்தின் கையை மிகவும் நீளமாக்கிவிடுகின்றன என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் பொருளும் உண்டு. அதை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

கடைகளுக்கு ஜனங்கள் இணையத்தில் கொடுக்கும் நட்சத்திரங்களும் இவ்வகையைச் சேர்ந்தனவே. நல்ல சமையற்காரர் உள்ள கடைக்கு நட்சத்திரம் குறைவு. எதிரே வாசலில் விளக்குப் போட்ட கடைக்கு அதிகம். நம் உணவகத்தார் இதைச் சொல்லி நொந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்வோம். 2017ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் ஊபா பட்லர் என்ற இளைஞர், தம் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்துவைத்தார். அங்கே அடுப்பும் கிடையாது, சமையலும் கிடையாது. பட்டியலில் 18,149ஆவது இடத்தில் கடைசியாகத் தொடங்கிய அந்த இல்லாத உணவகம், நண்பர்களைக் கொண்டு எழுதிய பாராட்டுகளாலேயே ஆறு மாதத்தில் லண்டனின் முதலாவது உணவகம் என்ற இடத்தைப் பிடித்தது. பண்டங்களின் படத்துக்குச் சவரச் சோப்பு நுரையைக்கூடப் பயன்படுத்தினாராம்! இடம் கேட்டுத் தொலைபேசி ஓயவில்லை.

இவ்வளவும் எழுதியதால் நமக்கு இணையத்தின்மேல் பகை என்று எவரும் எண்ணவேண்டாம். ஊருக்குப் பேசுவதற்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இன்று நாகூரிலிருக்கும் பேரக்குழந்தை முகத்தைக் காட்டிச் சிரிக்கிறது. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பல கடைகள் மூச்சுவிட்டது இந்த வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரால்தான். அன்றியும், இணையத்தில் தமிழ் எழுத்து ஏறியதில் இவ்விரு நாடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலாலும் செல்லினத்தாலும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுதக் கற்றவர்கள் ஏராளம். எழுத்தை ஏற்றித் தந்தவர்கள் தங்கள் பெயரோடு செய்தார்கள். அதில் நாம் எழுதுவதைப் பெயரில்லாமல் செய்வானேன்?

செய்யக்கூடியது என்னவென்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. நாம் சேர்ந்திருக்கும் கடைக்காரர் குழு ஒன்றில் சில மாதங்களாக ஒரு வழக்கம் நடக்கிறது. தெருவைப் பற்றியோ சரக்கு விலையைப் பற்றியோ அரசாங்க உத்தரவைப் பற்றியோ போடுகிறவர், அதைத் தாம் கண்டாரா, கேட்டாரா, கேட்டதென்றால் யாரிடம் என்று கீழே ஒரு வரி எழுதவேண்டும். எழுதாவிட்டால் திட்டுவதில்லை, "யார் சொன்னது, அண்ணன்?" என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் வரும். தொடக்கத்தில் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். என்னையே கேட்கிறானா என்றார் ஒருவர். உண்டியலை நீட்டும்போது முதுகைத் திருப்பிப் பார்ப்பது அவமதிப்பாகாது என்று எடுத்துச் சொன்னபின் சமாதானமானார். இப்போது அவரே மற்றவர்களைக் கேட்கிறார். மலேசியாவில் அரசாங்கச் சார்பில் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா என்ற தளமும் இருக்கிறது. ஐயமுள்ள செய்தியை அங்கே தேடிப் பார்க்கலாம்.

குழுவில் செய்திகள் குறைந்துவிட்டன என்று இளைஞர்கள் குறைப்பட்டார்கள். குறைந்தது உண்மை. அவசரச் செய்தி தாமதமாகிவிடாதா என்றும் கேட்டார்கள். தீப்பிடித்தால் தீப்பிடித்த இடத்திலிருப்பவர் தம் பெயரோடுதான் கூவுவார். அதற்குத் தடை ஒன்றுமில்லை. தாமதமாவது மற்றவைதான்.

ஆனால் பெயர் இருந்தால் போதும் என்ற நிலையும் இப்போது மாறிவருகிறது. குரலையும் முகத்தையும் போலியாகச் செய்யும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பகுதி ஊழியர், தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் காணொளியில் கூடிப் பேசுவதாகவே நம்பி, பதினைந்து தடவையாக இருபது கோடி ஹாங்காங் வெள்ளியை அனுப்பிவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. திரையில் அவரோடு பேசிய முகங்கள் எல்லாம் போலி. இது பெரிய நிறுவனங்களுக்கு வரும் நோய், சிறு கடைக்கு வராது என்று இருக்கவேண்டாம். மகன் குரலில் அழுதுகொண்டு பணம் கேட்கும் அழைப்புகள் சாதாரணக் குடும்பங்களுக்கே வருகின்றன.

நமக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி இதற்காகக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு கட்டளை இட்டிருக்கிறார். பணம் அனுப்பச் சொல்லி எவர் அழைத்தாலும், குரல் யாருடையதாக இருந்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கல்லாப் பெட்டிக்குள் இருக்கும் பழைய நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிய எண்ணுக்குத் தாமே திரும்ப அழைக்கவேண்டும். சென்ற மாதம் முதலாளி மெய்யாகவே வெளியூரிலிருந்து அவசரமாக அழைத்தார். கணக்கப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் திரும்ப அழைத்தாராம். முதலாளிக்குக் கோபம் வந்தது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்தோடு ஐம்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். சொன்னவர் அந்தக் கணக்கப்பிள்ளையே.